ஊசியைத் தூக்கியவள்

தியாகராய நகர்
12-1-1946

அன்புள்ள மர்சலினுக்கு,

நாம் பேசி ஒன்றேகால் வருஷம் தாண்டிவிட்டது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி.

'நகர மணி' வாரப் பத்திரிகையில் கிராமபோன் கதைத் தட்டுகளைப் பற்றி 'கேட்டவள்' என்ற பெயரில் அபிப்பிராயம் எழுதுவது நீதான். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். 'இழுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி மூச்சு விட இடமில்லாமல் வாசிக்கிறாள்' என்று வேறு யார் எழுதுவார்கள்? போர்டிங்கில் தையல் மதர் பேசுவதைப் பற்றி இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் நீ முழங்காலில் நின்றாய். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், வெளிவந்து ஒரு வருஷமான என் முதல் செட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். மேனேஜர் கருணாகரன் அதைக் கம்பெனியில் எல்லாருக்கும் நடுவில் சத்தமாகப் படித்தார். "இந்த அம்மாள் குரலில் கர்வம் வழிகிறது. தான் வாசிப்பதை ஊரே கைகட்டிக் கேட்கவேண்டும் என்கிற நினைப்பு. மருமகள் அழுகிற இடத்தில், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே அழுகிறாளோ என்று சந்தேகம் வருகிறது." படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னாம்மா லூயிசா, இவ்ளோ காட்டமா எழுதிக்கிறாங்க, ஊர்ல யார்னா வேண்டாதவங்க கீறாங்களா?" என்றார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மர்சலின், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வாசித்த மற்ற செட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. கழுதை கத்துகிறது என்று எழுதினாலும் சரி. 'கடற்கரைச் சாலை மருமகள்' என்ற அந்த முதல் செட்டை மட்டும் விட்டுவிடு. முடிந்தால் அதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுது. காரணம் கேட்காதே.

தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? தம்பி ஆம்ப்ரோஸைக் கேட்டதாகச் சொல்.

லூயிசா


மந்தைவெளி
16-1-1946

லூயிசா,

'அன்புள்ள' எல்லாம் போடவில்லை. பொய்யாகப் போட்டுப் பழக்கமில்லை.

ஆமாம், நான்தான் கேட்டவள். பேச முடியாதவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு என்ன வேலை? தொண்டையை விசாரித்திருக்கிறாய். சொல்கிறேன். கழுத்துக் கழலையை அறுத்தபோது கூடவே ஏதோ நரம்பும் போய்விட்டதாம். நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் என் சத்தம் எட்டுகிறது. அதனால் பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு, காம்போசிஷன் நோட்டுத் திருத்துகிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பால்காரர் கூட "இன்னா சொன்னே, இன்னா சொன்னே" என்று இரண்டு தடவை கேட்கிறார். காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம். அதுதான் இப்போது மர்சலின்.

போர்டிங்கில் ஏழு வருஷம், சாப்பாட்டு நேரத்தில் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம், அந்தப் புனிதர்கள் பட்ட பாட்டையெல்லாம், வாசித்தது யார்? இருநூறு பெண்கள் தின்றுகொண்டிருப்பீர்கள். நான் மேடையில் நின்று பசியோடு வாசிப்பேன். மதர் மணி அடித்ததும் 'சுவாமி, எங்கள் பேரில் இரக்கமாயிரும்' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிய பிறகுதான் எனக்குச் சோறு. கதைத் தட்டு போட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, உன்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பனகல் பார்க் பக்கம் அந்தக் கம்பெனி மாடிக்குப் போனவளும் நான்தான். மூன்று தட்டின் ஆறு பக்கமும் ஒரே மூச்சில் வாசித்தேன். மெழுகுத் தட்டில் பதிவு பண்ணுகிற சந்திரமௌலி, 'ஒரு இடத்தில்கூட நிறுத்த வேண்டி வரவில்லை' என்று எழுந்து நின்று சொன்னார். நீ சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய்.

பதினைந்து நாளில் நான் ஆஸ்பத்திரியில். நீ சாத்துக்குடியோடு வந்தாய். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "மெழுகு விரிசல் விட்டுடுச்சாம் மர்சலின், நீ வாசிச்சதெல்லாம் வீணாப்போச்சாம்" என்றாய். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாய். போன வருஷம் தை மாதம் செட் வெளியே வருகிறது. அதே கதை. லேபிளில் 'வாசிப்பவர்: லூயிசா அம்மாள்'. நான் படுத்திருந்தபோது என் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாய். கேட்டுப் பார்த்தால் நான் மூச்சு விட்ட இடத்தில்தான் மூச்சு விடுகிறாய், நான் நிறுத்திய இடத்தில்தான் நிறுத்துகிறாய். சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறாய். திருடுகிறவள் ஒழுங்காகவாவது திருட வேண்டாமா? என் நிறுத்தங்களை எடுத்துக்கொண்டு உன் கர்வத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறாய். மூன்று தடவை கேட்டேன், அபிப்பிராயம் நியாயமாக இருக்கவேண்டுமே என்று. மூன்று தடவையும் கதை முடிந்த நொடியில் ஊசியைத் தூக்கிவிட்டேன். அதற்குமேல் ஒரு விநாடிகூட அந்தத் தட்டு சுற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் செட்டை விட்டுவிடு என்கிறாய். உனக்கு எங்கே வலிக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். நீயே தொட்டுக் காட்டிவிட்டாய். நன்றி.

மர்சலின்


தியாகராய நகர்
9-2-1946

மர்சலின்,

மூன்று வாரமாக அதே செட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறாய். 'இந்தத் தட்டுகளை வைத்திருப்பவர்கள் சூடான பானையை இறக்கி வைக்க உபயோகிக்கலாம்' என்று எழுதியதைப் பார்த்துக் கம்பெனியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உன்னை நினைத்துத்தான்.

கடைக்காரர்கள் 'மருமகள்' செட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். உனக்கே தெரியும், யுத்தம் முடிந்தும் தட்டு செய்கிற அரக்குக்குப் பஞ்சம் தீரவில்லை. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு. கருணாகரன் நேற்றுச் சொன்னார்: "விக்காத சரக்கை அடுக்கி வெச்சிக்கினு இன்னா பண்றது? எல்லாத்தையும் உருக்கிட்டு வேற போட்டுக்கலாம். கல்கத்தாவுல தட்டு அடிக்கிற அச்சையும் அழிக்கச் சொல்லி எழுதிட்றேன்."

அச்சையே அழித்துவிட்டால் அப்புறம் அந்தக் குரல் எங்கேயும் இருக்காது. ஒரு வரி எழுது மர்சலின். 'திரும்பக் கேட்டேன், அவ்வளவு மோசமில்லை' என்று ஒரே வரி போதும். கேட்டவள் சொன்னால் கருணாகரன் கேட்பார். எனக்காக இல்லை, உன் நன்மைக்காகச் சொல்கிறேன். இதற்குமேல் என்னை எழுத வைக்காதே. எழுத எனக்குத் தைரியம் இல்லை.

லூயிசா


மந்தைவெளி
14-2-1946

லூயிசா,

என் நன்மைக்காகவா! இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, ஆம்ப்ரோஸ் தண்ணீர் கொண்டுவந்தான். உன் குரல் அழியப்போகிறது என்று சொல்கிறாய். என் குரல் போனபோது நீ சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாய். இப்போது தெரிகிறதா?

நான் வஞ்சம் வைத்து எழுதுகிறேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லுவாய். அதற்காகவே இந்த வாரம் மற்ற செட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். 'பினாங்குக் கப்பல்' செட்டில் நூர் முஹம்மது என்பவர் வாசித்திருக்கிறார். புயல் வருகிற இடத்தில் ஒரு வார்த்தைகூட உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன். 'பல்லாவரத்துப் பிணம்' வாசித்த நாடக நடிகர், கொலைகாரன் பெயர் வரும்போதெல்லாம் ஒரு கனைப்புக் கனைக்கிறார். இரண்டாம் தட்டிலேயே யார் கொன்றது என்று ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டான். உன் இரண்டாவது செட்டும் கேட்டேன், 'இரட்டைச் சாரட்டு'. அதில் வேறு யாரோ வாசிப்பது போல இருக்கிறது. காப்பியடிக்க ஆள் கிடைக்காததால் சொந்தக் குரலுக்குத் திரும்பிவிட்டாய் போலிருக்கிறது. ஆறிப்போன கஞ்சி. கர்வமாவது பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும், நீ சந்தோஷப்படுவாய். உன் மூன்றாவது செட் வந்துவிட்டதாமே, 'கடைசி டிராமில் வந்தவன்'. அதை வாங்க நேற்று லஸ் முனையில் பஞ்சாட்சரம் கடைக்குப் போனேன். பழைய தட்டுக்கு 'மருமகள்' செட்டையே கொண்டுபோனேன். முதல் இரண்டு தட்டையும் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "யம்மா, இது ஓரம் ஒடைஞ்சி கீதே, இது வாணாம், நீயே வெச்சிக்கோ" என்று தள்ளிவிட்டார். வேறொரு தட்டைக் கொடுத்துச் சரிக்கட்டினேன். என் கையாலேயே உருக்கக் கொடுத்தேன் லூயிசா. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

மூன்றாம் தட்டு இங்கேதான் கிடக்கிறது. பானை இறக்கி வைக்க.

மர்சலின்


தியாகராய நகர்
8-3-1946

மர்சலின்,

எல்லாம் முடிந்தது. நேற்று முன்தினம், சாம்பல் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு கம்பெனிக்குப் போனேன். வாசலில் கைவண்டி நின்றது. 'மருமகள்' செட் அத்தனையும் கோணியில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் அச்சு அழித்துவிட்டதாகவும் கடிதம் வந்திருக்கிறது. 'டிராம்' செட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு, பத்துத் தட்டுப் பெரிய செட்டை சுலோச்சனா என்கிற நாடகக்காரிக்குக் கொடுத்துவிட்டார் கருணாகரன். அதற்காகத்தான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். உனக்குத் திருப்திதானே?

இனி எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. அதனால் சொல்கிறேன். நன்றாக உட்கார்ந்துகொண்டு படி.

மெழுகு விரிசல் விடவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கருணாகரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "அந்தம்மாவுக்கு இனிமே குரலே வராதுன்றே. வராத குரலுக்கு வெளம்பரம் பண்ணா, ஜனங்க அடுத்த செட் எங்கன்னு கேப்பாங்களே. அடுத்ததெல்லாம் நீதானே வாசிக்கப் போறே. பேரு உன் பேராவே இருக்கட்டும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னிடம் வந்து பொய் சொன்னேன். அது பாவம்தான், சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது.

'கடற்கரைச் சாலை மருமகள்' செட்டில் நான் ஒரு வார்த்தைகூட வாசிக்கவில்லை. அந்தக் கர்வம் உன்னுடையது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே அழுகிறவள் நீ. லேபிளில் என் பெயரைப் பார்த்தாய், உன் காதை மூடிக்கொண்டாய். தன் குரல் தனக்குத் தெரியாது மர்சலின். என் முதல் தட்டைக் கேட்டபோது நானும் யாரோ என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் ஊர் முழுக்க அதைப் பழித்து எழுதவில்லை.

நம்பமாட்டாய். மூன்றாம் தட்டு உன்னிடம் இருக்கிறதே, அதன் இரண்டாம் பக்கத்தைப் போடு. கதை முடிந்ததும் ஊசியைத் தூக்காதே. அன்றைக்குச் சந்திரமௌலி கையை இறக்கினார், கதை முடிந்தது என்று. ஆனால் மெழுகு இன்னும் இரண்டு விநாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் கையை இறக்கியது உனக்கு மதர் மணி அடித்தது போல. நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியாது. ஸ்டூலில் இருந்த எனக்குத் தெரியும். குழாய்க்குள் காதை வைத்துக் கேள்.

இரண்டு தடவை உன்னிடம் கெஞ்சினேன். நீ சிரித்தாய். அன்றைக்கு வண்டியை நிறுத்தி, இது மர்சலின் குரல், ஒரு செட்டாவது எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உன் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

லூயிசா


தியாகராய நகர்
30-3-1946

மர்சலின்,

மூன்று வாரமாக 'நகர மணி'யில் கேட்டவளைக் காணவில்லை. நேற்று மயிலாப்பூர் போனபோது மந்தைவெளி வரைக்கும் வந்தேன். உங்கள் தெரு முனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக்கூடாது. கோபத்தில் எழுதிவிட்டேன். நீ அந்தத் தட்டைக் கேட்டாயா?

ஒன்று சொல்லவேண்டும். சுலோச்சனாவுக்கு மைக் முன்னால் வாய் குழறுகிறது. மேடையில் வசனம் பேசலாம், காகிதத்தைப் பார்த்து வாசிக்க வரவில்லை. பெரிய செட் திரும்ப எனக்கே வந்துவிட்டது. முதல் இரண்டு தட்டு பதிவாகிவிட்டது. ஈஸ்டருக்குள் கடைக்கு வந்துவிடும். இந்த நேரத்தில் நீ அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கருணாகரனிடமோ பத்திரிகைக்கோ போனால் என் கதி என்ன? பெயரைத் திருடியவள் என்று ஊர் பேசும். கம்பெனியும் தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிடும்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் சொல்லிவிடு. தூக்கம் வரவில்லை.

லூயிசா


மந்தைவெளி
22-4-1946

லூயிசா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தபசுகாலம் முடிந்து ஈஸ்டர் வரட்டும் என்று இருந்தேன்.

நீ சொன்னபடி போட்டேன். கதை முடிந்ததும் கை தானாக ஊசிக்குப் போயிற்று. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். கரகரவென்று ஒரு சுற்று. அப்புறம் அந்தப் பெண், வாய்க்குள்ளேயே, அவசரமாக, பசியோடு சொல்கிறாள்: 'சுவாமி, எங்கள் பேரில் இரக்கமாயிரும்.'

ஆம்ப்ரோஸ் பக்கத்தில் நின்றான். "இது உன் கொரல்தான்க்கா. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றான். தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "லூயிசாக்கா பேர் போட்டிருந்துச்சு. நீ எழுதிக்கினே இருந்தே. உன் மூஞ்சியப் பார்த்தா பயமா இருந்துச்சு, கேக்கல" என்றான்.

அன்றைக்கு அழுதேன். பஞ்சாட்சரம் கடைக்கு ஓடினேன். நான் கொடுத்த இரண்டு தட்டும் போன மாதமே வண்டியில் போய்விட்டதாம். கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா ஆச்சிம்மா" என்று கேட்டார். பதில் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை.

அப்புறம் தினமும் போட்டேன். கேட்டவள் கேட்கவேண்டிய முறையில், பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன். என் அபிப்பிராயம் இதுதான். முதல் பக்கத்தில் இரண்டாவது பாராவை அவள் கொஞ்சம் ஓட்டுகிறாள். அந்தக் குறையை இப்போதும் சொல்வேன். மற்றதெல்லாம் தப்பாக எழுதிவிட்டேன். அது கர்வம் இல்லை லூயிசா. அவளுக்கு வாசிப்பதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. அந்த மாதிரி சந்தோஷமாக இருந்ததே மறந்துபோயிருக்கிறது.

இப்போது தட்டைப் போடுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் தேய்க்கிறது. போன வாரம் 'இரக்கமாயிரும்' பாதிதான் கேட்டது. பழைய பட்டுப்புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீ பயப்படவேண்டாம். அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் போகமாட்டேன். என் குரலை நானே பானை இறக்கி வைக்கச் சொன்னவள் என்று ஊர் சிரிக்க நான் தயாராக இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நேற்று பாஸ்கு பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பெரிய செட்டின் இரண்டு தட்டும் வாங்கிக் கேட்டேன். வருகிற வாரம் 'நகர மணி'யில் வரப்போவதை உனக்கு முன்கூட்டியே எழுதுகிறேன்:

"லூயிசா அம்மாள் பிழையில்லாமல் வாசித்திருக்கிறார், வாங்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் நான் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இவருடைய முதல் செட்டான 'கடற்கரைச் சாலை மருமக'ளைப் பற்றி முன்பு தவறாக எழுதிவிட்டேன். அவசரப்பட்டு ஊசியைத் தூக்கிவிட்டேன். திரும்பக் கேட்டபோது, தமிழில் கதை வாசிக்க அப்படி ஒரு குரல் இதுவரை வந்ததில்லை என்று தெரிந்தது. அந்த அம்மாள் ஏன் இப்போது அப்படி வாசிப்பதில்லை? அந்தக் குரல் எங்கே போயிற்று?"

இத்தோடு விடமாட்டேன். உன்னுடைய ஒவ்வொரு செட்டுக்கும் எழுதுவேன். நீ எவ்வளவு நன்றாக வாசித்தாலும், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டு, முதல் செட் அளவுக்கு இல்லை என்று கடைசி வரியில் எழுதுவேன். வாங்கியவர்களும் என்னைப் போல உருக்கக் கொடுத்திருப்பார்கள், எடுத்துப் போட்டுப் பார்க்க ஊரில் யாரிடமும் அந்தத் தட்டு இருக்காது. கேட்டவள் சொன்னதுதான். கருணாகரனும் உன்னைக் கேட்பார், முதல் செட் மாதிரி வாசியேன் என்று. நீ மைக் முன்னால் நின்று முயற்சி செய்வாய்.

நான் எழுதுவது அநியாயம் என்று நீ பத்திரிகைக்கு மறுப்பு எழுதலாம். அந்தக் குரல் உன்னுடையது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்.

எழுதேன், பார்க்கலாம்.

மர்சலின்